14416: மருத்துவ மாணவர்களுக்கு எந்த அளவு உதவும்?

14416 என்பது மத்திய அரசின் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய இந்த டெலி மானஸ் சேவை இலவசம், 24 மணி நேரமும் உண்டு. மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு மாற்றுவார்.

சிவகங்கை மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதில் பெரிய நிம்மதி, எதிர்முனையில் இருப்பவர் நாளை வைவா (வாய்மொழித் தேர்வு) எடுக்கப்போகும் பேராசிரியர் இல்லை என்பதுதான். 'துறைக்குத் தெரிந்துவிடுமோ' என்ற பயமே பலரின் வாயைக் கட்டுகிறது.

விடுமுறைக்குக் காரைக்குடி வந்திருந்தால் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நின்று பேச வேண்டாம், வீடு முழுக்கக் கேட்கும். ஆளற்ற அகலத் தெருவில் நடந்தபடி பேசலாம்.

ஒன்று, இது ஆம்புலன்ஸ் அல்ல. உயிருக்கு ஆபத்தென்றால் 108. வண்டி வரும்வரை ஆளைத் தனியே விடக்கூடாது. 'சாகணும்னு தோணுதா?' என்று அறைத்தோழர் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை.