வினைச்சொல்லைக் கவனிக்கப் பழக்கும் அட்டைகள்: ஒரு மதிப்பீடு

அஃறிணைப் பொருள்களுக்கு மனிதரின் செயலையும் உணர்வையும் ஏற்றிச் சொல்லும் வாக்கியங்களை இனங்காணக் குழந்தைகளைப் பழக்கும் அட்டைத் தொகுப்பு ஒன்றை, எட்டு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்களுடன் பயன்படுத்திப் பார்த்தேன். ஒவ்வோர் அட்டையிலும் முன்புறம் ஒரு படமும் ஒரு வாக்கியமும், பின்புறம் விடையும் உள்ளன. அட்டைகள் கெட்டியாகவும் எழுத்துகள் பெரியனவாகவும் இருக்கின்றன.

இத்தொகுப்பை நான் பாராட்டுவதற்கு முதற்காரணம் அது கேள்வி கேட்கும் முறை. வாக்கியம் எதைப் பற்றியது, அது என்ன செய்வதாகச் சொல்லப்படுகிறது, அச்செயலை உண்மையில் யார் செய்ய முடியும் என்று படிப்படியாகக் கேட்பதால், குழந்தை இலக்கணத்தை மனப்பாடம் செய்யாமல் வினைச்சொல்லைக் கவனிக்கத் தொடங்குகிறது. ‘மழை பெய்தது’ என்பதையும் ‘மழை சன்னலைத் தட்டி என்னை விளையாட அழைத்தது’ என்பதையும் அடுத்தடுத்து வைத்தால், அழைப்பது மழையின் வேலை அன்று என்பதைப் பிள்ளைகள் தாமாகவே சொல்லிவிடுகிறார்கள். அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும் பேசுவன போலவும் நடப்பன போலவும் செய்வன போலவும் சொல்வதுண்டு என்று 13ஆம் நூற்றாண்டின் நன்னூலும் செயலை வைத்தே வகுத்துக் காட்டுவதால், இந்த வழி தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துகிறது.

இவ்வளவு நல்ல முறையைப் படங்களே கெடுத்துவிடுகின்றன என்பதுதான் என் வருத்தம். மனிதச் செயல் ஏற்றப்பட்ட அட்டைகளில் மட்டும் சூரியனுக்கும் கதவுக்கும் கண், வாய், கை வரைந்திருக்கிறார்கள். மற்ற அட்டைகளில் அவை வெறும் பொருள்களாகவே உள்ளன. ‘பழைய கதவு வலியால் முனகியது’ என்ற அட்டையை எடுத்த சிறுமி வாக்கியத்தைப் படிக்காமலேயே சரியான விடையைச் சொன்னாள். காரணம் கேட்டபோது கதவின் வாயைச் சுட்டிக்காட்டினாள். படத்தைத் தாளால் மறைத்துவிட்டுக் கேட்ட பிறகே உண்மையான கற்றல் தொடங்கியது.

உவமையைப் பிரித்துக் காட்டும் பகுதியும் போதாது. ‘நிலா வெள்ளித்தட்டு போல் ஒளிர்ந்தது’ என்பதில் ஒப்புமை இருக்கிறது, மனிதச் செயல் இல்லை. ‘நிலா வெட்கப்பட்டு மேகத்துக்குள் ஒளிந்தது’ என்பதில் மனித உணர்வே ஏற்றப்படுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பேசும் அட்டைகள் இன்னும் பல வேண்டும். ‘நாய் மகிழ்ச்சியோடு ஓடி வந்தது’ போன்ற வாக்கியங்களுக்கு ஒற்றை விடை தந்திருப்பதும் சரியன்று. விலங்குக்கும் மகிழ்ச்சி உண்டே என்று ஒரு பிள்ளை வாதிட்டால், அந்த வாதத்துக்கு இடம் தருவதே நல்ல பாடம்.

இக்குறைகள் இருப்பினும், உடனிருந்து பேசக்கூடிய பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் இத்தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். குழந்தை தனியாக விளையாடுவதற்கென்று வாங்க வேண்டாம். அடுத்த பதிப்பில் படங்களைப் பின்புறத்துக்கு, விடையோடு சேர்த்து, மாற்றிவிடுமாறு பதிப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.