தாடைத்தாங்கியா, நெற்றி ஸ்டிக்கரா? ஐலிங்க் 1000 பிளஸ்ஸை மேசையில் அமைக்க இரண்டு வழிகள்

வாசிப்புச் சோதனைக்கு ஐலிங்க் 1000 பிளஸ் என்ற கண் அசைவுப் பதிவுக் கேமராவை மேசையில் வைக்கும்போது முதல் கேள்வி இதுதான்: தலையைத் தாடைத்தாங்கியில் நிறுத்துவதா, தலை நகர்வைக் கருவி அறிய நெற்றியில் இலக்கு ஸ்டிக்கர் ஒட்டி அசைய விடுவதா? எங்கள் தேர்வு தாடைத்தாங்கி.

வேகத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தாங்கியில் கண்ணின் நிலையை வினாடிக்கு 2000 முறை பதியலாம், ஸ்டிக்கரில் 1000 முறை. வாசிப்புக்கு இரண்டுமே போதும். உட்காருபவரின் வசதியைப் பார்த்தால் ஸ்டிக்கர்தான் மேல்.

தீர்மானிப்பது வரி இடைவெளி. 24 அங்குலத் திரையின் அகலம் சுமார் 53 செ.மீ. கிடைமட்டத்தில் கருவி பின்தொடர்வது 32 டிகிரி வரை. அதற்குள் திரை முழுதும் அடங்க, கண் திரையிலிருந்து அகலத்தைப் போல் 1.75 மடங்கு, அதாவது 93 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். அங்கே 1 டிகிரி என்பது திரையில் 16 மி.மீ. வரிகளுக்கு நடுவே 20 மி.மீ. விட்டிருந்தாலும், 0.6 டிகிரி பிசகினாலே பார்வைப்புள்ளி பக்கத்து வரியில் போய் விழும். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கீழே சுழியும் உண்டு. வரியைக் கண்டபடி நெருக்கவும் முடியாது, அகட்டினால் திரையில் பத்தி கொள்ளாது.

ஸ்டிக்கர் முறையில் அந்த 0.6 டிகிரி எளிதில் சேர்ந்துவிடும். 35 மி.மீ. லென்ஸுக்குப் பதில் 16 மி.மீ. போடுவதால் பாவை (கண்ணின் நடுக் கருவட்டம்) சின்னதாக, குறைந்த பிக்சல்களில் பதிகிறது. புருவத்தை உயர்த்தினால் தோலோடு ஸ்டிக்கரும் ஏறும். கண் அங்கேயே இருக்கக் கருவியோ தலை நகர்ந்ததாகக் கணக்கிடும். வியர்வையில் ஓரம் தூக்கிக்கொண்டால் கேலிபரேஷனை, அதாவது கண்ணின் நிலையைத் திரைப் புள்ளிகளோடு பொருத்துவதை, முதலிலிருந்து செய்ய வேண்டும். தலை முன்னே வந்தால் ஃபோகஸும் போகும்.

தாங்கியில் இந்தத் தூரங்களை ஒருமுறை டேப் வைத்து அளந்து பூட்டிவிடலாம். கண்ணிலிருந்து கேமரா 50 முதல் 55 செ.மீ.; திரையின் நடுக்கோட்டுக்கு நேராக; திரையின் அடிப்பகுதியை மறைக்காத அளவுக்கு முடிந்தவரை உயரமாக. கண் மட்டம் திரையின் மேல் கால்பகுதிக்கு நேரே வர வேண்டும். ஆள் மாறும்போது நாற்காலியை மட்டும் ஏற்றி இறக்குங்கள். தாங்கியைத் தொட்டால் அளந்ததெல்லாம் வீண்.

பிறகு ஃபோகஸ். கார்னியாவில் (கண்ணின் முன்புறத் தெளிபடலம்) தெரியும் விளக்கின் ஒளிப்புள்ளி எந்த இடத்தில் மிகச் சிறிதாகக் கூர்மையாகிறதோ, அங்கே லென்ஸைத் திருப்புவதை நிறுத்துங்கள். பாவையின் த்ரெஷோல்டு (படத்தில் பாவையைப் பிரித்தறியும் வெளிச்ச எல்லை) 75க்கும் 110க்கும் நடுவே நிற்பது நல்லது. ஒளிப்புள்ளியின் த்ரெஷோல்டு 230க்கு மேல் போனால் வெளிச்சம் அதிகம். இன்ஃப்ராரெட் விளக்கை 100 சதவீதத்திலிருந்து 75க்குக் குறையுங்கள். கண்மை இட்டவர்களிடம் மையின் கருமையையே கருவி பாவை என்று பிடித்துக்கொள்ளும். துடைத்துவிட்டு வரச் சொல்வதே வழி. த்ரெஷோல்டை இழுத்துச் சமாளித்தால் திரையின் ஓரப் புள்ளிகளைப் பார்க்கும்போது பாவையின் வடிவம் உடைந்து பதியும். கண்ணாடி அணிந்தவருக்கு அதன் பிரதிபலிப்பு பாவைமேல் விழுந்தால் விளக்கின் கோணத்தைச் சற்று மாற்றுங்கள்.

கேலிபரேஷன் 9 புள்ளிகளில். அடுத்து, அதைச் சரிபார்க்கும் வேலிடேஷனில் சராசரிப் பிழை 0.5 டிகிரிக்குள், எந்தப் புள்ளியிலும் 1 டிகிரிக்குள் இருந்தால் கருவியே நல்லது என்று காட்டும். பத்தி வாசிப்புக்கு இது போதாது. ஒரு மூலையில் 0.9 என்றால் அந்த மூலையில் வரி மாறும், மறுபடி செய்யுங்கள். நெற்றி தாங்கியின் மேல்பட்டையை விட்டு விலகியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இதெல்லாம் பெரியவர்கள் மௌனமாக வாசிக்கும் சோதனைக்கே பொருந்தும். உரக்க வாசிக்கச் சொன்னால் தாடை அசைந்து தலையையும் தூக்கும். தாடையை வைக்க மறுக்கும் சிறுபிள்ளைகளும் உண்டு. அங்கே ஸ்டிக்கரை எடுங்கள்: பின்தொடரும் கண்ணின் பக்கமாக, புருவத்துக்குச் சற்று மேலே, நெற்றியைத் துடைத்துவிட்டுச் சுருக்கமில்லாமல் ஒட்டி, திரையில் ஒரு நேரத்தில் ஒரே வரி காட்டுங்கள்.