சின்த் பின்னணி இசை: சுழலும் டேப்பா, துடிக்கும் சீக்வென்சரா, வாசிக்கும் கையா?

குறும்படமோ ஆவணப்படமோ எடுத்து முடித்தவர்கள் கடைசியில் இசைக்கு வரும்போது, 'ஆம்பியன்ட்டா ஏதாவது போட்டுக்கலாம்' என்பார்கள். கவனத்தை இழுக்காமல் சூழல்போலவே ஒலிக்கும் இசையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மியூசிக் லைப்ரரியில் அந்தப் பெயரில் தேடினால் மூன்று தனித்தனி மரபுகள் ஒரே குவியலாகக் கொட்டும். மூன்றும் சின்த் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசர்) ஒலிதான், மூன்றிலும் ரிவர்ப், அதாவது எதிரொலிப்பு, தாராளம். ஆனால் காட்சியின் வேகத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பதில் மூன்றும் மூன்று திசை.

முதலாவது ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரையன் ஈனோவின் வழி. 1978-இல் வந்த 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தில் ஒரு பகுதிக்கு அவர் வெவ்வேறு நீளமுள்ள டேப் லூப்களை, அதாவது முனைகளை ஒட்டி வளையமாக்கிய ஒலிநாடாக்களை, சுழல விட்டார். ஒன்று 23½ விநாடி, இன்னொன்று 25⅞ விநாடி, மற்றொன்று கிட்டத்தட்ட 30. நீளங்கள் ஒத்துவராததால் ஸ்வரங்கள் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு இடத்தில் சந்திக்கும். அந்த லூப்களில் இருந்தது சின்த் அல்ல, பாடும் குரல். ஆனாலும் இன்று நாம் 'பேட்' (நீண்டு நிற்கும் மென்மையான பின்னணி ஒலி) என்று போடும் பலவற்றின் வேலைமுறை இதுதான். அப்போலோ பயணங்கள் பற்றிய ஆவணப்படத்துக்காக அவர் டேனியல் லான்வா, ரோஜர் ஈனோ ஆகியோருடன் செய்த ஆல்பம் 1983-இல் வந்தது. படம் 'ஃபார் ஆல் மேன்கைன்ட்' என்று 1989-இல்தான் வெளியானது. அதில் விவரணை சொல்வது விண்வெளி வீரர்களின் குரல்களே. இசை தாளம் போடாததால் அந்தக் குரல்கள் மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது.

எடிட்டருக்கு இது பெரிய வசதி. எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், இருபது விநாடி நீட்டலாம், யாருக்கும் தெரியாது. சிக்கல் வேறு இடத்தில். பேச்சு புரிவதற்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும் என்றுதான் பழைய தொலைபேசியே வடிவமைக்கப்பட்டது. கொழுகொழுவென்ற பேட் போய் உட்காருவதும் அதே இடத்தில்தான். ஆகவே வால்யூமை மட்டும் குறைத்தால் போதாது. ஒவ்வொரு அதிர்வெண் பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அந்தப் பகுதியைக் குடைந்துவிட வேண்டும். இன்னொன்று, ஷாட்டில் ஒன்றுமே இல்லையென்றால் இந்த இசை காப்பாற்றாது. வெறுமையை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும்.

இரண்டாவது வழி டேன்ஜரின் ட்ரீம். பெர்லின் இசைக்குழு. மூக் நிறுவன சின்தின் சீக்வென்சரில் (ஸ்வர வரிசையைத் தானே திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி) எட்டே ஸ்வரத்தைச் சுற்ற விட்டு, ஒலியின் கூர்மையை அடக்கும் ஃபில்டரை மெல்லத் திறந்துகொண்டே போவது இவர்கள் பாணி. ஸ்வரம் மாறாது, நிறம் மட்டும் மாறும். வில்லியம் ஃப்ரீட்கினின் 'சார்சரர்' படத்துக்கு (1977) படத்தைப் பார்க்காமல், திரைக்கதையை வைத்தே இசையமைத்தார்கள். அதுவும் ஒட்டியது என்றால் காரணம், துடிப்பு ஏதோ ஒரு முகத்தைப் பின்தொடர்வதில்லை. காட்சி முழுவதையும் தன் வேகத்துக்கு இழுத்துக்கொள்கிறது. மைக்கேல் மானின் 'தீஃப்' (1981) பாருங்கள், பெட்டகம் உடைப்பவனின் வேலைக்கு அந்த இயந்திரத் துடிப்பு அப்படியே பொருந்தும்.

இதற்கு விலை கொடுப்பவர் எடிட்டர். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) என்றால் ஒரு பீட் அரை விநாடி. விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தில் அது சரியாக 12 ஃப்ரேம். 25 ஃப்ரேமில் எடுத்திருந்தால் பன்னிரண்டரை! அரை ஃப்ரேமில் எப்படி வெட்டுவது? அதற்கு 125 பிபிஎம் கேட்டு வாங்குங்கள், மறுபடி 12 ஃப்ரேம் வந்துவிடும். வசனத்துக்குக் கீழே மட்டும் இதைப் போடாதீர்கள். பேசுபவர் அவசரப்படுவது போலவே தோன்றும்.

துடிப்பு ஒரு படத்தை எவ்வளவு மாற்றும் என்று பார்க்க ரிட்லி ஸ்காட்டின் 'லெஜண்ட்' நல்ல உதாரணம். 1985-இல் ஐரோப்பாவில் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் ஆர்கெஸ்ட்ரா இசையோடு வந்தது. அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு டேன்ஜரின் ட்ரீமைப் போட்டார்கள். நீளமும் வேறு என்பதால் எல்லாவற்றையும் இசைமீது ஏற்ற முடியாது. இருந்தாலும் ஒன்று தேவதைக் கதை, மற்றொன்று கனவு மயக்கம். என் ஓட்டு கோல்ட்ஸ்மித்துக்குத்தான்.

மூன்றாவது, அதே ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' (1982). இசையமைப்பாளர் வான்ஜெலிஸ் லண்டனில் தன் ஸ்டுடியோவில் காட்சிகளை வீடியோவில் ஓடவிட்டு, பார்த்துக்கொண்டே வாசித்தார். யமஹா சிஎஸ்-80 என்ற 90 கிலோவுக்கு மேல் கனக்கும் அந்தக் கீபோர்டில், ஒவ்வொரு விரலின் அழுத்தமும் அந்தந்த ஸ்வரத்தைத் தனியாக மாற்றும். மேலே உள்ள ரிப்பனில் விரலை இழுத்தால் ஸ்வரம் வழுக்கும். நடிகர் தலையைத் திருப்பினால் இசையும் திரும்புவது அதனால்தான்.

லைப்ரரியில் கிடைக்கும் போலிகள் இங்கேதான் தோற்கின்றன. சிஎஸ்-80 ஒலி மென்பொருளாகவே கிடைக்கிறது. ஆனால் யாரோ எந்தப் படத்தையும் பார்க்காமல் வாசித்தது உங்கள் ஷாட்டில் எப்படித் திரும்பும்?

என்னைக் கேட்டால், பேச்சு நிறைந்த ஆவணப்படத்துக்கு ஈனோ வழி, கைவேலையும் பயணமும் காட்டும் வசனமில்லாத பகுதிகளுக்குச் சீக்வென்சர். மூன்றாவதை விலைக்கு வாங்காதீர்கள். கீபோர்டு வாசிக்கும் நண்பர் இருந்தால், முகம் மட்டும் தெரியும் அந்த ஒரே காட்சியை அவர் முன் ஓடவிட்டு, தாளம் காட்டும் கிளிக் டிராக் இல்லாமல் சில டேக் எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் படத்துக்கு லைப்ரரி போதும்.