பழைய சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட் பூச்சு: காசு கொடுத்து ஓதத்தை வாங்காதீர்கள்

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கல் வீடு வைத்திருப்பவர்கள், வெளிப்பூச்சு வேலையை ஒப்படைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் குடும்ப வீட்டின் வெளிச்சுவரில் கீழ்ப்பக்கம் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். “எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு 1:3 சிமெண்ட் கலவை, வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல், மேல வெதர்ப்ரூஃப் பெயின்ட். பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்றார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் உட்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் (சுவரில் ஊறி ஏறும் ஈரம்) ஏறி, பெயின்ட் கொப்பளித்து, உப்புப் பூத்தது. கேட்டதற்கு, “உங்க சுவரு அப்படி” என்று கையை விரித்துவிட்டார்.

சுவர் மேல் பழியில்லை. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத் தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறத்தான் செய்யும்; சுண்ணாம்புப் பூச்சு அதை ஆவியாக வெளியே விட்டுவிடும். வெளிப்பக்கத்தை சிமெண்டும் பெயின்டும் போட்டு அடைத்தால், ஈரம் இன்னும் மேலே ஏறி வீட்டுக்குள் வந்து உலரும். போதாததற்கு, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் என்ற 1:3 கலவை பழைய செங்கல்லைவிட இறுகலானது. வெயிலிலும் மழையிலும் நூல் நூலாக வெடிக்கும். அந்த வெடிப்பில் நுழையும் மழைநீர் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னாலேயே தங்கிவிடும்.

வேலையிலும் ஏமாற்று இருந்தது. இரண்டு கை (அடுக்கு) பூச்சுக்குக் கணக்கெழுதி, ஒரே கையில் தடிமனாக அப்பியிருந்தார்கள். செங்கல் இணைப்புகளைச் சுரண்டவில்லை. சீக்கிரம் இழுத்துக்கொள்ளட்டும் என்று ஈரப்பூச்சின் மேல் உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்த்திருந்தார்கள். மேல்தோலில் வலைவலையாக வெடிப்பு விழ அதுவே போதும். சாரம் கட்டிய ஓட்டைகளை உடைந்த செங்கல் துண்டைத் திணித்து மேலே மட்டும் பூசி மறைத்திருந்தார்கள். மழை முதலில் உள்ளே வந்தது அந்த ஓட்டைகள் வழியாகத்தான். பூச்சைத் தரைவரை இறக்கி மண்ணோடு சேர்த்துவிட்டது எல்லாவற்றையும்விட மோசம்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் உடைந்த மழைநீர்க் குழாயைச் சரிசெய்யுங்கள். சுவரோரம் மேடாகிப்போன மண்ணை வெட்டி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். இணைப்புகளை அரை அங்குல ஆழம் சுரண்டி, சுவரை நனைத்து, ஊறவைத்த நீற்றுச் சுண்ணாம்பு ஒன்றுக்கு உப்பில்லாத, சலித்த மணல் மூன்று பங்கு சேர்த்துப் பூசுங்கள். முதல் கை 10 முதல் 12 மில்லிமீட்டர். அது இறுகிய பிறகு இரண்டாவது கை 6 முதல் 8. நேர்வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். பூச்சு தரைக்கு அரை அடி மேலேயே நின்றுவிடட்டும். சன்ஷேடின் அடியில், மழைநீர் சுவருக்கு ஓடிவராமல் சொட்டி விழும்படி நீர்வடிப் பள்ளம் வெட்டுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் போதும். வடகிழக்குப் பருவமழையில் தொடங்காதீர்கள். தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கலவை விகிதம், எத்தனை கை, தடிமன், சாரம் ஓட்டையை முழு ஆழத்துக்கும் அடைப்பது ஆகிய எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு மழைக்காலம் தாண்டும்வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்திவையுங்கள். அதற்குச் சம்மதிக்காதவருக்கு வேலை கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சிமெண்ட் பூசிவிட்டவர்கள், ஓதம் ஏறிய உயரத்துக்கு மேல் ஓரடிவரை அதைப் பக்குவமாகக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைத் திறந்தே காயவிடுங்கள். பூத்து வரும் உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்ளேயே போய்விடும்.