சென்னை–சிங்கப்பூர் இரவு விமானம்: தூரம் அல்ல, கடிகாரம்தான் தொல்லை

"சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு மூன்றரை மணி நேரம்தானே? ராத்திரி ஏறி, தூங்கி எழுந்து, காலையில் நேராக மீட்டிங்குக்குப் போய்விடலாமா?" என்று நண்பர் கேட்டார். முடியாது. ஏன் என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

நேர்த்தூரம் சுமார் 2,900 கி.மீ. அதை மணிக்கு 830 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி வரும். தூரம் காட்டும் தளங்கள் அதையே போடுகின்றன. ஓடுபாதை வரை ஊர்வது, மேலேறுவது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முறை வந்து இறங்குவது எல்லாம் அதில் சேராது. டிக்கெட்டில் பார்த்தால் நாலேகால் மணி வாக்கில் இருக்கும். அதை நம்புங்கள்.

சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. இரவு 11.15க்குக் கிளம்பினால் இறங்கும்போது அங்கே காலை 6 மணி. ஏழு மணி நேர ராத்திரி கிடைத்ததுபோலத் தோன்றும். உடம்புக்கு அது விடியற்காலை 3.30. சாப்பாட்டு வண்டி போய்வந்து விளக்கை அணைத்து, இறங்க அரை மணிக்கு முன்பே மறுபடி போட்டுவிடுவார்கள். மிஞ்சுவது இரண்டரை மணித் தூக்கம். கிரேட் நிக்கோபாருக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் நடுவே இடிமேகம் இருந்தால் அதுவும் கலைந்துவிடும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். பாகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியக் கணக்கில் 95 நிமிடம். கடிகாரத்திலோ இரண்டரை மணி! சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. அதற்கு முன்பே கடிகாரம் சூரியனுக்கு முந்திதான் ஓடியது. அதனால்தான் ஆறு மணிக்கு இறங்கும்போது வெளியே கும்மிருட்டு. ஏழு மணி வாக்கில்தான் விடியும். ஓட்டல் அறை பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்று: கிழக்கே போனால் காற்று தள்ளிவிடும், சீக்கிரம் போகலாம் என்பது இந்த வழிக்குப் பொருந்தாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, உயரத்தில், கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது சாதகம். சராசரி 50 கி.மீ. வேகக் காற்று என்றாலே இரண்டு திசைக்கும் இடையில் 25 நிமிடம் வித்தியாசப்படும்.

திரும்பும் பயணம் அருமை. அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் 9.45க்கெல்லாம் சென்னை, சொந்தப் படுக்கையில் முழுத் தூக்கம். பறந்த நேரம் ஏறக்குறைய அதேதான், போகும்போது பறிபோன இரண்டரை மணி கைக்கு வந்துவிடுகிறது.

நியாயமாகச் சொன்னால், போவதற்கும் இரவு விமானத்தில் வசதிகள் உண்டு. வேலை நாள் வீணாகாது, விமான நிலையம் போகும் சாலை காலியாக இருக்கும், டிக்கெட்டும் பல நாள் மலிவு. இறங்கியதும் எம்ஆர்டி ரயிலும் ஓடத் தொடங்கியிருக்கும். வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் ஆன்லைனில் இலவசமாகப் போட்டுவிட்டால் குடிநுழைவும் சட்டென்று முடியும். காசையும் வேலை நாளையும் மட்டும் பார்த்தால் இரவு விமானமே லாபம்.

ஆனாலும் நண்பருக்கு நான் சொன்னது: முந்தின நாள் பகலில் போங்கள், ஒரு ராத்திரி ஓட்டல் காசு போனாலும் சரி.