வண்டி வீட்டில்தான் நிற்கிறது என்று காட்டிய கருவி: ஜிபிஎஸ் பொருத்துவோர் கவனத்துக்கு

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்துத் திருடு போனதால், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் உள்ள ஓர் உதிரிபாகக் கடையில் என் மோட்டார் சைக்கிளுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்திக்கொண்டேன். கருவிக்கு 3,200 ரூபாய். செல்பேசியிலிருந்தே எஞ்சினை நிறுத்த உதவும் ரிலேவுக்குத் தனியாக 600 ரூபாய். செயலிக்குத் தகவல் அனுப்பும் சிம் கார்டு கருவிக்குள்ளேயே இருக்கிறது, ஆயுள் முழுக்கக் கட்டணம் எதுவும் இல்லை என்றார் கடைக்காரர். பில் கேட்டபோது, எஸ்டிமேட் என்று அச்சிட்ட துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தந்தார். அதையே வாங்கிக்கொண்டு வந்தது என் தவறு.

அதன் பிறகு ஒவ்வொரு நாள் இரவும் படுக்கும் முன் செயலியைத் திறந்து பார்ப்பேன். வரைபடத்தில் எங்கள் வீட்டின் மேல் பச்சைப் புள்ளி இருக்கும். அந்தத் தைரியத்தில், முன்பு தினமும் பின்சக்கரத்தில் மாட்டிய சங்கிலிப் பூட்டையும் நிறுத்திவிட்டேன். நான்காம் மாதத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கீழே இறங்கினால் வண்டி இல்லை. பதறிப்போய்ச் செயலியைத் திறந்தேன். பச்சைப் புள்ளி எங்கள் வீட்டின் மேலேயே இருந்தது. எஞ்சினை நிறுத்தும் பொத்தானை எத்தனையோ முறை அழுத்தியும் பயனில்லை. அப்போதுதான் புள்ளிக்குக் கீழே சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே எட்டாத அளவு சிறிய எழுத்தில் இருந்த வரியைப் படித்தேன்: கடைசியாகத் தகவல் வந்து 19 நாட்கள் ஆகியிருந்தன. இரவில் வண்டி வீட்டில் நிற்கும் நேரத்தில் மட்டுமே நான் பார்த்து வந்ததால், பழைய இடத்தைத்தான் செயலி திரும்பத் திரும்பக் காட்டுகிறது என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

கடைக்காரரிடம் போனபோது, "சிம் வேலிடிட்டி முடிஞ்சிருக்கும், நீங்கதான் ரீசார்ஜ் பண்ணியிருக்கணும்" என்றார். அந்த சிம்மின் எண்ணையே அவர் எனக்குத் தந்ததில்லை. இப்போது கேட்டால், மொத்தமாக வாங்கிய சிம், யார் பெயரில் இருக்கிறதோ தெரியாது என்கிறார். சாதாரண ப்ரீபெய்டு சிம்மைப் போட்டுவிட்டு ஆயுள் முழுக்க இலவசம் என்று விற்றது ஏமாற்று வேலையே.

காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்தார்கள். அது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று மட்டுமே. காப்பீட்டு நிறுவனம் கேட்பது முதல் தகவல் அறிக்கையை. மறுநாளும் சென்று வற்புறுத்திய பிறகு, பாரதிய நியாய சன்ஹிதா 303(2) பிரிவின் கீழ் திருட்டு வழக்குப் பதிந்தார்கள். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தெரிவித்தேன். அவர்கள் முதலில் கேட்டது இரண்டு அசல் சாவிகளையும்தான். மாற்றுச் சாவியைத் தொலைத்தவர்கள் இந்த இடத்தில் மிகவும் சிரமப்படுவார்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது.

பதினொரு நாள் கழித்து, செங்குன்றம் பக்கம் பெட்ரோல் தீர்ந்த நிலையில் வண்டி கிடைத்தது. ஹேண்டில் லாக் உடைந்திருந்தது. காலை ஊன்றி ஹேண்டிலை ஓங்கித் திருப்பினால் அந்தப் பூட்டின் சிறிய இரும்பு முனை முறிந்துவிடும் என்று காவலர் ஒருவர் விளக்கினார். நீதிமன்றத்தில் மனுப் போட்டு வண்டியை மீட்டு, எங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் சீட்டைக் கழற்றியதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. கருவி, பேட்டரிக்கு மேல் ஒரே ஒரு பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்பட்டு, வைத்த இடத்திலேயே இருந்தது. திருடன் அதைத் தொடக்கூட இல்லை. செங்குன்றம் வரை அது வண்டியோடு சேர்ந்து மௌனமாகவே பயணம் செய்திருக்கிறது. ரிலேயின் இரண்டு ஒயர்களும் எதிலும் இணைக்கப்படாமல், முனைகள் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றப்பட்டிருந்தன. சிம் உயிரோடு இருந்திருந்தாலும் அந்தப் பொத்தான் எஞ்சினை நிறுத்தியிருக்காது. 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, வெறும் பெட்டியைக் கட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்.

கருவி பொருத்துபவர்கள் தயவுசெய்து கடையிலேயே, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, செயலியிலிருந்து நிறுத்திப் பாருங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லி, எச்சரிக்கை உங்கள் செல்பேசிக்கு வருகிறதா என்றும் பாருங்கள். உள்ளே தனி பேட்டரி இல்லாத கருவி, ஒயரை வெட்டியதும் ஊமையாகிவிடும். சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும், அல்லது அதன் எண்ணும் காலாவதித் தேதியும் ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதப்படட்டும். ஏற்கெனவே பொருத்தியவர்கள், புள்ளியை விட்டுவிட்டு, அதன் அருகில் உள்ள நேரத்தைப் பாருங்கள். வண்டியை ஓட்டிவிட்டு வந்த உடனே பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கருவி இருந்தாலும் சங்கிலிப் பூட்டைக் கைவிடாதீர்கள். முடிந்தால் ஜன்னல் கம்பியோடோ தூணோடோ சேர்த்துப் பூட்டுங்கள், ஏனென்றால் வெறும் சக்கரத்தில் பூட்டிய வண்டியை இரண்டு பேர் தூக்கி ஏற்றிவிட முடியும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கும் மனுத் தாக்கல் செய்யவிருக்கிறேன். என்னிடம் இருப்பது அந்த எஸ்டிமேட் சீட்டும், ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும், இணைக்கப்படாத ஒயர்களின் படங்களும்தான். அதே சாலையில் இதே போன்ற கருவியை இதே வாக்குறுதியோடு வாங்கியவர்கள், இன்றைக்கே வண்டியின் சீட்டைக் கழற்றி ஒயர்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.