பார்க் எம்.ஜி.எம்., லாஸ் வேகஸ்: புகையில்லாத கேசினோவில் மூன்று இரவுகள்

கிராண்ட் கேன்யனைப் பார்க்க வரும் நம்மவர்கள் பெரும்பாலும் லாஸ் வேகஸில் இறங்கித்தான் போகிறார்கள். சூதாட்டத்தில் சிறிதும் நாட்டமில்லாத குடும்பங்கள்கூட அங்கே இரண்டு மூன்று இரவுகள் தங்க நேர்கிறது. சேலத்திலிருந்து வந்திருந்த அப்பாவை அழைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் போனேன். அவருக்கு வயது எழுபத்து மூன்று. இருபது ஆண்டுகளாக ஆஸ்துமா உண்டு. ஓட்டல்களைப் பற்றி எழுதும் வழக்கமில்லாத நான் இந்த மதிப்புரையை எழுத அதுவே காரணம்.

முதல் இரவுக்கு, பெரிய கேசினோ ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் என்னும் பெருஞ்சாலையில் வேறொரு ஓட்டலில் அறை எடுத்திருந்தேன். அந்த ஊரின் பெரிய ஓட்டல்களில் வரவேற்பு மேசையிலிருந்து லிஃப்டுக்கும், லிஃப்டிலிருந்து சாப்பிடும் இடத்துக்கும், அங்கிருந்து வாசலுக்கும் போக வேண்டுமானால் கேசினோவைக் கடந்தாக வேண்டும் என்பது நேரில் போகும்வரை எனக்குத் தெரியாது. தங்க வருபவர்களைப் பணம் போட்டுச் சூதாடும் ஸ்லாட் மெஷின்களுக்கு நடுவே நடக்கவைப்பதற்காகவே கட்டடங்களை அப்படி அமைத்திருக்கிறார்கள். நான் கேட்டு வாங்கியது புகைபிடிக்கக் கூடாத அறைதான். ஆனால் அந்த அறைக்குப் போகும் வழி முழுவதும் புகையாக இருந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி தூரம் நடந்தவர், ஒரு தூணருகே நின்று சட்டைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்தார். மறுநாள் விடிந்ததும் அறையைக் காலி செய்துவிட்டு பார்க் எம்.ஜி.எம்.முக்கு மாறினோம்.

1996இல் மான்டி கார்லோ என்ற பெயரில் திறக்கப்பட்ட ஓட்டல் இது. 2018இல் புதுப்பிக்கப்பட்டு இப்போதைய பெயரைப் பெற்றது. கொரோனாவுக்காக மூடப்பட்டு 2020 செப்டம்பர் இறுதியில் மீண்டும் திறந்தபோது, அறை, உணவகம், கேசினோ என்று கட்டடத்துக்குள் எந்த இடத்திலும் புகைபிடிக்கக் கூடாது என்று அறிவித்தது. அந்தப் பெருஞ்சாலையிலுள்ள பெரிய கேசினோ ஓட்டல்களில் இப்படிச் செய்த முதல் ஓட்டல் இதுதான். இதைச் செய்யும்படி எந்தச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. நெவாடாவில் 2006ஆம் ஆண்டு வாக்காளர்களே நேரடியாக வாக்களித்துக் கொண்டுவந்த தூய காற்றுச் சட்டம் உணவகங்களிலும் கடைகளிலும் புகையைத் தடுத்தது. கேசினோவின் ஆட்டத் தளத்துக்கோ விலக்கு அளித்துவிட்டது.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது காற்றுதான். புகை நாற்றமும் இல்லை, அதை மறைக்க அடிக்கும் திகட்டும் வாசனைத் திரவியமும் இல்லை. முந்தைய ஓட்டலில் ஸ்லாட் மெஷின்களுக்கு இடையில் கறுப்புச் சாம்பல் கிண்ணங்கள் இருந்தன. அவற்றைச் சுற்றிய பலகையில் நெருப்பு பட்ட பழுப்புத் தழும்புகளும் இருந்தன. இங்கே அந்த இடத்தில் குடிக்கும் கோப்பை மட்டும்தான் இருக்கிறது. முதல் நாள் மாலை அப்பா அந்த வழியாக வாசல்வரை நடந்து போய்த் திரும்பி வந்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. "இங்க மூச்சு முட்டலப்பா" என்றார். ஓட்டலைப் பற்றி அவர் சொன்ன கருத்து அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

புகையை நிறுத்தினால் கேசினோ தொழில் படுத்துவிடும் என்ற வாதம் பல ஆண்டுகளாக இருக்கிறது. இங்கே மூன்று நாள் மாலையும் ஆட்டத் தளம் நிரம்பியிருந்ததைக் கண்டபோது, அந்த வாதத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கேசினோ விற்பது ஆட்டத்தை; அதற்கு வருமானம் தருவதோ வாடிக்கையாளர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரம். ஸ்லாட் மெஷினில் ஒரு சுற்று சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஒருவர் சிகரெட்டுக்காக எழுந்து வெளியே போய்ப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால் அந்த மெஷின் பல டஜன் சுற்றுகளை இழக்கிறது. வெளிக்காற்று பட்டதும் கையிலிருக்கும் பணத்தைப் பற்றி நினைப்பு வந்து அவர் அப்படியே அறைக்குப் போய்விடவும் கூடும். அவருடைய குடும்பத்துக்கு அது நல்லது. கேசினோவின் கணக்கில் அது நஷ்டம்.

இல்லினாய் மாநிலத்தில் நடந்தது இதைத்தான் காட்டுகிறது. 2008 ஜனவரி 1 முதல் அந்த மாநிலம் கேசினோக்களையும் சேர்த்துப் புகையைத் தடை செய்தது. அதே ஆண்டில் பொருளாதார மந்தமும் வந்ததால் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது எளிதாக இல்லை. செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளியலாளர்கள் அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, தடையின் விளைவாக வருமானம் 20 சதவீதத்துக்கும் மேல், அதாவது சுமார் 40 கோடி டாலர், குறைந்ததாகக் கணித்தார்கள். வந்தவர்களின் எண்ணிக்கையோ 10 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறைந்திருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆட்கள் ஒரு பங்கு குறைய வருமானம் இரண்டு பங்கு குறைந்திருக்கிறது என்றால், அதிகம் செலவழிப்பவர்கள் வராமல் போயிருக்க வேண்டும், அல்லது வந்தவர்கள் முன்னைவிடக் குறைந்த நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வராமல் போனவர்களுக்குப் போக்கிடமும் பக்கத்திலேயே இருந்தது. மிசிசிப்பி ஆற்றைக் கடந்தால் மிசௌரி, சிகாகோவிலிருந்து சிறிது தூரம் ஓட்டினால் இண்டியானா. இரண்டு மாநிலங்களிலும் புகைத்துக்கொண்டே ஆடலாம்.

ஆக, புகைத் தடை ஒரு கேசினோவை எவ்வளவு பாதிக்கும் என்பது, புகைப்பவருக்கு எவ்வளவு பக்கத்தில் மாற்று இடம் கிடைக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. பார்க் எம்.ஜி.எம். நன்றாக நடப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்தில், சின்னத் திறந்தவெளிப் பூங்கா ஒன்றைத் தாண்டினால் நியூயார்க்-நியூயார்க் என்னும் ஓட்டல். மறு பக்கத்தில், இலவச ரயிலில் ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் ஆரியா ஓட்டல். இரண்டிலும் ஆட்டத் தளத்தில் புகைக்கலாம். இரண்டையும் நடத்துவது அதே எம்.ஜி.எம். நிறுவனம், மூன்றிலும் ஒரே உறுப்பினர் அட்டை செல்லும். புகைப்பவர் இங்கிருந்து எழுந்து போனாலும் அவருடைய பணம் அதே நிறுவனத்தின் இன்னொரு கல்லாவுக்கே போய்ச் சேருகிறது. புகை பிடிக்காதவர் மற்ற ஓட்டல்களை விட்டு இங்கே வருகிறார். நிறுவனம் இழப்பது அதிகமில்லை, பெறுவது நிறைய. நல்ல வியாபாரம்தான். ஆனால் இந்த ஓர் ஓட்டலைக் காட்டி, மாநிலம் முழுவதும் தடை விதித்தாலும் யாருக்கும் நஷ்டம் வராது என்று வாதிடுவதை நான் ஏற்கமாட்டேன். அதற்கு வேறு சான்று வேண்டும்.

நியூஜெர்சியின் கேசினோ நகரமான அட்லான்டிக் சிட்டியில் நடந்த கதையைப் புகைத் தடையை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தங்களுக்கு வேண்டியபடி சொல்கிறார்கள். 2006இல் நியூஜெர்சி மாநிலச் சட்டம் கேசினோக்களை விட்டுவிட்டது. மறு ஆண்டு நகர மன்றம் ஆட்டத் தளத்தில் கால் பங்கில் மட்டும் புகைக்கலாம் என்றது. 2008 அக்டோபரில் முழுத் தடை கொண்டுவந்து, மந்தத்துக்கு அஞ்சி ஒரே மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றது. 2012இல் 240 கோடி டாலர் செலவில் எழுந்த ரெவல் கேசினோ, தானாகவே முழுத் தடையோடு திறந்தது. அடுத்த ஆண்டே திவாலாகி, புகைக்கு அனுமதி கொடுத்தது. 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. புகைத் தடைதான் ரெவலைக் கொன்றது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஆனால் திறந்தபோது அங்கே பஃபே சாப்பாடு கிடையாது, பேருந்துகளில் வந்து ஆடும் முதியவர்களை வரவேற்கும் ஏற்பாடு கிடையாது, தலைக்கு மேல் மலைபோல் கடன் இருந்தது. புகைக்கு இடம் கொடுத்த பிறகும் அது பிழைக்கவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை.

சீனாவின் சூதாட்ட நகரமான மக்காவோவில் எண்கள் இன்னும் பெரியவை. 2013இல் ஆட்டத் தளத்தில் பாதி, 2014 அக்டோபரிலிருந்து பொது ஆட்டத் தளம் முழுவதும், 2019இலிருந்து பெரும்புள்ளிகளின் தனியறைகளும் என்று தடை படிப்படியாக வந்தது. புகைப்பவர்களுக்குக் கண்ணாடித் தடுப்பு போட்ட தனி அறைகள் மட்டும் எஞ்சின. 2015இல் கேசினோ வருமானம் மூன்றில் ஒரு பங்கு சரிந்தது உண்மைதான். ஆனால் அது சீன அரசின் ஊழல் ஒழிப்பு நடவடிக்கையால் பெரும்பணக்காரர்கள் அந்தப் பக்கமே வராமல் போன காலம். தடை நீங்காமலே அடுத்த ஆண்டுகளில் வருமானம் மீண்டும் ஏறியது. அங்கே ஆட்டக்காரர்களுக்கு வேறு போக்கிடம் எளிதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இல்லினாய்க் கணக்கு 2008ஆம் ஆண்டுக்கு உரியது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1965இல் அமெரிக்காவில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 42 பேர் புகைத்தார்கள்; 2005இல் 21 பேர்; 2022இல் 12 பேர்கூட இல்லை. நூறு பேரில் 88 பேரை முகம் சுளிக்கவைத்து மீதிப் பேரைத் தக்கவைத்துக்கொள்வது, வியாபாரக் கணக்காகவே பார்த்தாலும் ஆண்டுக்கு ஆண்டு பலவீனமாகிக்கொண்டு வருகிறது. பென்சில்வேனியாவில் அதிக வருமானம் ஈட்டும் கேசினோக்களில் ஒன்றான பார்க்ஸ், மற்ற கேசினோக்களில் புகைக்கு அனுமதி இருந்தும் கொரோனாவுக்குப் பிறகு அதை மீண்டும் கொண்டுவரவில்லை. சி3 கேமிங் என்ற ஆலோசனை நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, புகைத் தடையால் வருமானம் பெரிதாகச் சரியும் காலம் போய்விட்டது என்றது. புகைக்கு எதிரான அமைப்பு ஒன்றுக்காக எழுதப்பட்ட அறிக்கை அது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் 2,500 வேலைகள்வரை போகலாம் என்று எச்சரித்த மற்றோர் அறிக்கை கேசினோக்களின் சங்கத்துக்காக எழுதப்பட்டது.

இவ்வளவு நேரமும் வருமானத்தைப் பற்றியே எழுதிவிட்டேன். இரண்டாம் நாள் மாலை, அப்பா அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது, கீழே பிளாக்ஜாக் மேசை ஒன்றின் அருகே கொஞ்ச நேரம் நின்றேன். சீட்டுப் போடும் டீலர் ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பக்கம் நன்றாகக் குனிந்து, சிரித்துப் பேசியபடி சீட்டுகளை வைத்துக்கொண்டிருந்தார். முந்தைய ஓட்டலில் பார்த்த டீலர் எனக்கு நினைவுக்கு வந்தார். அவருடைய மேசையில் ஒருவர் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த இளைஞர் முகத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். கை ஆட்டக்காரரிடம், முகம் வேறு திசையில். நானும் அப்பாவும் இருபது நிமிடம் தாங்க முடியாத காற்றில் அவர் எட்டு மணி நேரம் நிற்கிறார். அமெரிக்க அரசின் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் லாஸ் வேகஸ் கேசினோக்களின் டீலர்களைச் சோதித்து 2009இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு வேலைநேரம் முடிவதற்குள் அவர்களுடைய சிறுநீரில் புகையிலைக்கே உரிய புற்றுநோய்க் காரணியின் எச்சம் கூடுவதைக் காட்டியது. எவ்வளவு பெரிய காற்றாடிகள் வைத்தாலும் புகையின் தீங்கை முழுவதும் நீக்க முடியாது என்று காற்றோட்டப் பொறியாளர்களின் சங்கமே சொல்லிவிட்டது. அட்லான்டிக் சிட்டி டீலர்கள் தாங்களே சங்கம் சேர்ந்து சட்டமன்றத்தையும் நீதிமன்றத்தையும் ஏறி இறங்குவது இதனால்தான். வாடிக்கையாளர் என்ற முறையில் எனக்கு ஓட்டலை மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்த இளைஞருக்கு அப்படி மாறிப் போக எத்தனை இடங்கள் இருக்கின்றன? வருமானத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் சட்டமே வர வேண்டும் என்று நான் கருதுவது இதற்காகத்தான்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறை சுத்தமாக இருந்தது. தரைத்தளத்திலுள்ள ஈட்டலி என்னும் இத்தாலியச் சந்தையில் சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பீட்சாவும் பாஸ்தாவும் தாராளமாகக் கிடைக்கின்றன. காரம் வேண்டுமென்றால் மிளகாய்த்தூள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த ஊரின் பெரும்பாலான ஓட்டல்களைப் போலவே அறை வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணம் தனியாக உண்டு என்பதால், முன்பதிவு செய்யும்போது மொத்தத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 21 வயது நிரம்பாத பிள்ளைகள் கேசினோவைக் கடந்து போகலாம். நடுவில் நிற்கக் கூடாது. புகைப்பவர்கள் வெளியே வந்து நிற்கிறார்கள் என்பதால், சுவாசத் தொல்லை உள்ளவர்கள் வாசலைக் கொஞ்சம் வேகமாகக் கடப்பது நல்லது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரியவர்களை அழைத்துக்கொண்டு பக்கத்து ஓட்டல்களைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டால், கட்டடங்களுக்குள்ளேயே புகுந்து போகாமல் வெளிச்சாலை வழியாகப் போங்கள். கிளம்பும் நாளன்று நாங்கள் குளிர்சாதனத்துக்கு ஆசைப்பட்டு உள்வழியாகவே போனோம். அடுத்த ஓட்டலின் கதவைத் திறந்ததும் அப்பா நின்றுவிட்டார். துண்டைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்து, "திரும்பிப் போயிடலாம்" என்றார். பார்க் எம்.ஜி.எம்.முக்கே திரும்பி வந்து, கண்ணாடிச் சுவர் ஓரமாகக் காபி வாங்கிக்கொண்டு, கேன்யனுக்குப் போகும் வண்டி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.